ஐம்பது இஞ்ச் போச்சு, முப்பதாயிரம் இருக்கு

வீட்டுல ஒரு நல்ல டிவி செத்துப்போச்சுன்னா, அதுக்குப் பதிலா என்ன வாங்கணும்ங்கிறதுல ஊருக்குள்ள ஆயிரம் அபிப்பிராயம் இருக்கு. "அதே சைஸாவது எடு, இல்லைன்னா அசிங்கம்", "ஓஎல்ஈடி இல்லைன்னா வாங்கவே வாங்காத", "இஎம்ஐ போட்டுரு, தெரியவே தெரியாது"... 2025 தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரம் இதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். எல்லாரும் சொல்லி முடிச்ச பிறகு எனக்குன்னு ஒரு அபிப்பிராயம் உண்டாச்சு. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீயைப் போட்டு எடுத்துட்டு வந்துருங்க :-)

அபிப்பிராயத்தை முதல்லயே போட்டு உடைச்சுடறேன். கையில காசு கம்மியா இருக்கும்போது ஒரு உசத்தியான டிவியை அப்படியே முழுசாத் திருப்பி வாங்க முடியாது. அதுல இருந்த நாலஞ்சு நல்ல குணத்துல, வீட்டுல இருக்கிறவங்க நிஜமாவே அனுபவிச்சது எதுன்னு பார்த்து அந்த ஒண்ணு ரெண்டுக்கு மட்டும் காசு கொடுக்கணும். மிச்சத்தை விட்டுடணும். அப்புறம், எப்ப வாங்கணும்ங்கிறதை நம்ம வீட்டுக் கணக்கு முடிவு பண்ணணும், கடைக்காரர் கட்டுன தோரணம் முடிவு பண்ணக் கூடாது. அவ்வளவுதான். இனி விவரம்.

செத்துப்போனது 50 இஞ்ச் பிளாஸ்மா, ஃபுல் எச்டி. கம்பெனி பேர் வேண்டாம். அப்பா மில் வேலையிலருந்து ரிட்டயர் ஆனப்போ வந்த பணத்துல, 2011 ஜனவரியில எண்பதாயிரத்துக்குக் கிட்ட கொடுத்து வாங்குனது. கோவில்பட்டியிலருந்து இளையரசனேந்தல் போற ரோட்டுப் பக்கம் எங்க கிராமம். 2006ல கலைஞர் ஆட்சியில கொடுக்க ஆரம்பிச்ச 14 இஞ்ச் இலவச கலர் டிவிதான் அப்ப அங்க பாதி வீட்டுல ஓடிக்கிட்டு இருந்தது. அதுக்கு நடுவுல இது வந்து இறங்குனா எப்படி இருக்கும்? அந்த ஏப்ரல் 2ஆம் தேதி உலகக் கோப்பை ஃபைனலுக்கு எங்க வீட்டு வாசல்ல செருப்பு விட இடமில்லை. அப்பா இப்ப இல்லை. அம்மா மட்டும் ஊர்ல இருக்காங்க. சாயங்காலம் ஆறு மணியிலருந்து தூங்கப் போற வரைக்கும் அந்த டிவிதான் அவங்களுக்குத் துணை. அதனால எனக்கு இது வெறும் சாமான் விஷயம் இல்லை.

பிளாஸ்மான்னா என்னன்னு மறந்துபோனவங்களுக்கு ஒரு வரி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு குட்டி டியூப்லைட் மாதிரி. உள்ள இருக்கிற வாயு புற ஊதாக் கதிரை விடும், அது பாஸ்பர் பூச்சு மேல பட்டு சிவப்பு, பச்சை, நீலமா வெளிச்சம் வரும். புள்ளி அணைஞ்சா கிட்டத்தட்ட இருட்டுதான். இப்பக் கடையில எல்ஈடி டிவின்னு விக்கிறது உண்மையில எல்சிடி. பின்னாடி எல்ஈடி விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருக்கும், முன்னாடி இருக்கிற திரவப்படிகம் அதை மறைக்கப் பார்க்கும். எவ்வளவு மறைச்சாலும் கொஞ்சம் கசியும். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் போட்டா, விலை கம்மியான எல்ஈடியில கருப்பு சாம்பலாத் தெரியும். பிளாஸ்மாவுல அது எங்க ஊர்க் கரிசல் மாதிரி இருக்கும். அதுவும் மழை பெஞ்ச கரிசல்.

இவ்வளவு நல்ல சரக்கு ஏன் ஒழிஞ்சுது? எல்சிடி மெலிசு, விலை கம்மி, கரண்ட் கம்மி, கடை வெளிச்சத்துல பளிச்னு தெரியும். குரோன்னு ஒரு பிளாஸ்மா போட்டு உலகத்தையே வாய் பிளக்க வெச்ச பயனியர், 2009லயே டிவி தொழிலை விட்டு விலகறோம்னு சொல்லிட்டாங்க. பானசோனிக் 2013 டிசம்பரோட பிளாஸ்மா தயாரிப்பை நிறுத்திட்டாங்க. சாம்சங்கும் எல்ஜியும் 2014ல. ஆக, இன்னைக்கு ஒரு பிளாஸ்மாவுக்கு ஸ்பேர் வேணும்னா இன்னொரு செத்த பிளாஸ்மாதான் வேணும்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணாச்சி அப்படித்தான் ரெண்டு தடவை பிழைக்க வெச்சார். ஒரு தடவை பவர் போர்டுல கெப்பாசிட்டர் உப்பிப்போச்சு, மாத்துனார். இன்னொரு தடவை மதுரையில எங்கேயோ கழிச்சுக் கட்டுன செட்டுலருந்து ஒரு போர்டு எடுத்துட்டு வந்து போட்டார். மூணாவது தடவை கையை விரிச்சுட்டார். "தம்பி, பேனலை ஓட்டுற போர்டே எரிஞ்சுபோச்சு. தேடுனாக் கிடைக்கும், ஆனா அதுவும் பதிமூணு பதினாலு வருசப் பழசாத்தான் இருக்கும். அம்மாவைத் தனியா விட்டுட்டு இருக்கீங்க, மாசத்துக்கு ஒருக்க நான் வந்து நிக்கிற மாதிரி ஆயிரக் கூடாது"ன்னார். ரிப்பேர் கூலி வேண்டாம்னு ஒரு ரிப்பேர்காரரே சொன்னா அதுக்கு மேல பேச்சு கிடையாது.

இதுல பழசே பொன்னுன்னு ஒரு கூட்டம் இருக்கு. செகண்ட்ஸ்ல இன்னொரு பிளாஸ்மா தேடிப் பிடின்னு எனக்கு யோசனை சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு கணக்கு. அண்ணாச்சி மீட்டர் வெச்சுப் பார்த்தப்ப எங்க செட்டு சுமார் 280 வாட் இழுத்துச்சு. தினம் ஆறு மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 60 நாள். பெருக்கிப் பாருங்க, நூறு யூனிட்! 2016ல வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம்னு வந்துச்சே, அந்த நூறையும் டிவியே ஒத்தையாத் தின்னு ஏப்பம் விட்டுடும். அதே ஆறு மணி நேரத்துக்கு 75 வாட் எல்ஈடி 27 யூனிட்தான் தின்னும். தனியா இருக்கிற ஒரு அம்மா வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம். பிளாஸ்மா மேல எனக்கும் பாசம் உண்டுங்க, ஆனா பாசம் கரண்ட் பில் கட்டாது.

அடுத்தது ஓஎல்ஈடி கட்சி. மெட்ராஸ்ல இருக்கிற என் அத்தான் இந்தக் கட்சி. அவர் சொல்றதுல நியாயம் இருக்கு. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளி விடுறதால, பிளாஸ்மாவோட நிஜ வாரிசு ஓஎல்ஈடிதான். ஆனா நான் விசாரிச்ச 55 இஞ்ச் லட்சத்தைத் தொட்டு நிக்குது. என் பட்ஜெட் முப்பதாயிரம். தவிர, ஒரே சேனல் லோகோவும் கீழ ஓடுற நியூஸ் பட்டையும் தினம் ஆறு மணி நேரம் ஒரே இடத்துல நிக்கிற வீட்டுல, ஓஎல்ஈடியில அந்தத் தடம் நிரந்தரமாப் பதியறதுக்கு வாய்ப்பு அதிகம். நல்ல பொருள்தான், எங்க வீட்டுக்கான பொருள் இல்லை.

இனிதான் முக்கியமான கேள்வி. பழைய டிவியில நாம அனுபவிச்சது எது? உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பெரிய சைஸ். ஆழமான கருப்பு. பக்கவாட்டுல உட்கார்ந்து பார்த்தாலும் மாறாத நிறம். ஓடுற பந்து இழுபடாம தெரியுறது. ஓரளவு கனமான சத்தம். அப்புறம், வர்றவங்க முன்னாடி ஒரு பெருமை (இதையும் எழுதணும் இல்ல? நேர்மைன்னு ஒண்ணு இருக்கே).

அம்மாகிட்ட கேட்டேன். "எய்யா, பேசுறது தெளிவாக் கேக்கணும். மொகம் தெரியணும். எம்புட்டுப் பெரிசா இருந்து என்னய்யா செய்ய?" ரெண்டு கண்ணுலயும் புரை ஆபரேஷன் பண்ணினவங்க. உட்கார்ற இடத்துக்கும் சுவருக்கும் ஒன்பது அடி. ஆக எங்க லிஸ்ட் ரெண்டு வரியாச் சுருங்கிடுச்சு. தெளிவான சத்தம். கருப்பு வெளுப்பு பிரிஞ்சு தெரியுற படம். கிரிக்கெட் பார்த்த கூட்டம் இப்ப ஆளுக்கொரு செல்போன்ல பார்க்குது. பெருமைக்கு ஆள் யாரும் வர்றதில்லை.

இந்த ரெண்டு வரியைக் கையில வெச்சுக்கிட்டுக் கடைக்குப் போனா, விக்கிறவர் சொல்ற பாதி வார்த்தை தானா உதிர்ந்துடும். எப்படின்னு சொல்றேன்.

4கே: மனுசக் கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கு. 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில ஆறடியைத் தாண்டி உட்கார்ந்துட்டா தனித்தனிப் புள்ளி நல்ல கண்ணுக்கே தெரியாது. 55 இஞ்சுக்கு அந்தத் தூரம் ஏழடி சொச்சம். ஒன்பது அடியில உட்கார்றவங்களுக்கு 4கேயால பெரிய லாபம் இல்லை. அதைவிட, எங்க வீட்டு கேபிள்ல வர்ற சேனல் எல்லாம் சாதா எஸ்டி. அதை 55 இஞ்சுக்கு இழுத்துப் பரப்பினா, துவைச்சுத் துவைச்சு வெளுத்த வேட்டி மாதிரிதான் இருக்கும். 4கே சேர்ந்து வந்தா வரட்டும், அதுக்குன்னு தனியாக் காசு கொடுக்க வேண்டாம்.

எச்டிஆர்: பளிச்சுன்னு எரியற அளவுக்குப் பின்விளக்குல பலம் இருந்தாத்தான் அதுக்கு அர்த்தம். முப்பதாயிரத்துக்குள்ள வர்ற டிவியில பெட்டி மேல அந்த எழுத்து இருக்கும், திரையில இருக்காது.

ஸ்மார்ட்: டிவிக்குள்ள இருக்கிற ஒரு ஜிபி, ஒன்றரை ஜிபி மெமரி மூணு நாலு வருசத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும். படம் நல்லாவே இருக்கும், மெனுதான் நகராது. அதுக்காக டிவியை மாத்துறதுங்கிறது, டயர் தேஞ்சதுக்கு வண்டியை மாத்துற கதை. எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தா நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகிக்கலாம். உங்க பழைய டிவி இன்னும் உயிரோட இருந்து, ஆப் ஓடலைங்கிற ஒரே காரணத்துக்காக மாத்த நினைக்கிறீங்கன்னா, தயவுசெஞ்சு நிறுத்துங்க.

பேனல்: இதைத்தான் யாரும் கேக்கறதில்லை. எல்சிடியில பொதுவா ரெண்டு ஜாதி. விஏ பேனல்ல கருப்பு நல்லாருக்கும், பக்கவாட்டுல நிறம் வெளுக்கும். ஐபிஎஸ்ல பக்கவாட்டுலயும் நிறம் நிக்கும், கருப்பு சுமார். பத்துப் பேர் ஹால் பூரா பரவி உட்கார்ற வீடுன்னா ஐபிஎஸ். நேரா ஒருத்தர் ரெண்டு பேர் பார்க்கிற வீடுன்னா விஏ. அம்மாவுக்கு விஏ.

கடையில எல்லா டிவியிலயும் கிளி, பூ, கடல்னு ஒரே டெமோ ஓடும், கலர் கண்ணைக் குத்தும். அதைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒரு பென் டிரைவ்ல பழைய கருப்பு வெள்ளைப் பாட்டு ஒண்ணு, முழுக்கச் சாம்பல் நிறத்துல ஒரு படம் ரெண்டையும் போட்டுக் கொண்டு போங்க. சாம்பல் படத்துல திட்டுத்திட்டா அழுக்கு மாதிரி தெரிஞ்சா அந்த பீஸ் வேண்டாம். கேபிள் இணைப்பு இருந்தா சாதா சேனல்ல நியூஸ் போடச் சொல்லுங்க, கீழ ஓடுற எழுத்து இழுபடுதான்னு பாருங்க. வால்யூமைக் கூட்டி, பேச்சு புரியுதான்னு கேளுங்க. நான் இதெல்லாம் செஞ்சப்போ கடைப் பையன் ஒரு மாதிரிதான் பார்த்தான். பார்க்கட்டுமே, காசு நம்மளுது.

சத்தத்துக்கு வருவோம். மெலிசான டிவியில ஸ்பீக்கர் கீழ பார்த்தோ பின்னாடி பார்த்தோ இருக்கும். முன்னாடி வைக்க இடமில்லை, பாவம். வயசானவங்களுக்குப் பேச்சு புரியாமப் போறதுக்கு இது ஒரு பெரிய காரணம். உடனே சவுண்ட்பார் வாங்குன்னு சொல்லுவாங்க. எங்க வீட்டுல அப்பாவோட பழைய ஆம்ப்ளிஃபையரும் ரெண்டு மரப்பெட்டி ஸ்பீக்கரும் தூசி படிஞ்சு கிடந்தது. ஹெட்போன் ஓட்டையிலருந்து ஒரு வயர் இழுத்து மாட்டினதும் அம்மா வால்யூமைக் குறைக்கச் சொன்னாங்க! செலவு, வயருக்கு நூத்தைம்பது ரூபாய். வாங்கறதுக்கு முன்னாடி பரணைப் பாருங்க மக்கா, பாதி தீர்வு அங்கதான் கிடக்கு.

இப்பக் காசுக் கணக்கு. எனக்கு ரொம்பக் கோவம் வர்ற இடம் இதுதான்.

2025 செப்டம்பர் 22லருந்து 32 இஞ்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28லருந்து 18 சதவீதம் ஆச்சு. (32 வரைக்கும் 2019லயே 18 ஆக்கிட்டாங்க.) பத்து சதவீதம் விலை குறைஞ்சுடுச்சுன்னு தட்டி கட்டிட்டாங்க. 128 ரூபாய்ப் பொருள் 118 ஆகுது, அவ்வளவுதான். எட்டு சதவீதம்கூட முழுசா இல்லை. அது நல்லதுதான், வேண்டாங்கல. ஆனா அந்தச் சாக்குல முப்பதாயிரத்தோட போறவனை நாப்பத்தஞ்சாயிரத்துக்கு ஏத்தி, பதினெட்டு மாச இஎம்ஐயில உட்கார வெக்கறாங்க பாருங்க, அங்கதான் இடிக்குது. வட்டியே இல்லைம்பாங்க. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே வங்கிகளுக்குச் சொல்லியாச்சு. ஒண்ணு, பொருள் விலைக்குள்ள வட்டி ஒளிஞ்சிருக்கும். இல்லைன்னா ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. அதுக்கு மேல பிராசஸிங் கட்டணம். "ரொக்கமாக் கொடுத்தா என்ன விலை?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, உண்மை வெளிய வந்துடும்.

எங்க கரிசல்காட்டுக் கணக்கு வேற. இங்க வானம் பார்த்த பூமி. புரட்டாசியில விதைச்சு, ஐப்பசி கார்த்திகை மழையில நிமிர்ந்து, உளுந்தும் பாசியும் தையை ஒட்டித்தான் வீட்டுக்கு வரும். பருத்தி அதுக்கும் பின்னாடி. தீபாவளி வர்ற ஐப்பசியில சம்சாரி காசு பூரா மண்ணுக்குள்ள கிடக்கும். விதை, உரம், களையெடுப்புக் கூலின்னு கையில இருக்கிற கடைசி ரூபாய் வரைக்கும் காட்டுக்குப் போயிருக்கும். சரியா அந்த மாசத்துலதான் வருசத்தோட பெரிய ஆஃபர் போடுறாங்க! தீப்பெட்டி ஆபீஸ்ல (தொழிற்சாலைதான், எங்க ஊர்ல ஆபீஸ்னுதான் சொல்லுவோம்) கணக்கு எழுதுறவன் நான். போனஸ் வர்ற அன்னைக்கே முன்பணமாக் கட்டிட்டு, அடுத்த பதினெட்டு மாசம் வாரக்கூலியிலருந்து எடுத்து வெக்கிற ஜனங்களை வருசா வருசம் பார்க்கிறேன். ஒரு வாரம் வேலை இல்லைன்னாலும் தவணை நிக்காது. டிவி பார்க்கிற நேரத்துக்கு ஓவர்டைம் பார்க்கிறாங்க. அப்புறம் டிவி எதுக்கு?

அதனால நாங்க காத்திருந்தோம். பரண்ல இருந்து அந்த 14 இஞ்ச் அரசாங்க டிவியை இறக்கி, செட்டாப் பாக்ஸோட மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரைச் சொருகினோம். எண்பதாயிரம் போச்சு, இலவசம் உயிரோட இருக்கு :-) மூணு மாசம் அம்மா சீரியலை விடாம பார்த்தாங்க. தையில உளுந்துக் காசு வந்ததும் குறிச்சு வெச்ச அதே 43 இஞ்ச் மாடலை ரொக்கமா வாங்கினோம். பொங்கல், குடியரசு தினம்னு அப்பவும் தள்ளுபடி இருக்கத்தான் செஞ்சது. தீபாவளி விலையை விட நானூறு ரூபாய் கூட. டிவி இருபத்தாறாயிரத்து ஐந்நூறு, ஸ்டெபிலைசர் ரெண்டாயிரம், மிச்சம் அம்மா சுருக்குப் பைக்குத் திரும்பிடுச்சு. தவணை இல்லாமத் தூங்கறதுக்கு நானூறு ரூபாய் கொடுக்கலாம், தப்பில்லை.

படம் பழைய மாதிரி இல்லைதான். ராத்திரிக் காட்சியில எனக்கு அது உறுத்துது. வருசத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போற எனக்கு உறுத்தி என்ன, தினம் பார்க்கிறவங்களுக்கு உறுத்தலை.

எக்ஸ்சேஞ்சுல அந்தச் செத்த பிளாஸ்மாவுக்கு ஆயிரத்து ஐந்நூறு தர்றேன்னாங்க. மெக்கானிக் அண்ணாச்சிக்கே கொடுத்துட்டோம். அதுல நல்லா இருக்கிற போர்டை வெச்சு இன்னொரு வீட்டு டிவியை அவர் எழுப்புவார். அப்படி ஆள் இல்லாத ஊர்ல எக்ஸ்சேஞ்சுல போடுங்க, இல்லைன்னா மின்கழிவு எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. ஓடைக்கரையில கொண்டுபோய் உடைச்சுப் போட மட்டும் விடாதீங்க. பழைய குண்டு டிவியோட கண்ணாடியில ஈயம் இருக்கு, கிணத்துத் தண்ணிக்கு ஆகாது.

உங்க வீட்டுல எது முக்கியம்? சைஸா, சத்தமா, கருப்பா, கிரிக்கெட்டா? என் லிஸ்ட் உங்களுக்குப் பொருந்தணும்னு இல்லை. ஆனா லிஸ்ட் எழுதாமக் கடைக்குள்ள காலை வெக்காதீங்க. எழுதினதைச் சொல்லுங்க, பேசுவோம்.

டிஸ்கி: எல்ஈடி டிவியில சத்தம் வருது, திரை மட்டும் இருட்டுன்னா உடனே செத்துப்போச்சுன்னு முடிவு கட்டாதீங்க. இருட்டுல டார்ச்சைத் திரையை ஒட்டிப் பிடிங்க. மங்கலாப் படம் அசையறது தெரிஞ்சா பேனல் நல்லாருக்கு, பின்விளக்குதான் போயிருக்குன்னு அர்த்தம். வரிசையா மாட்டின எல்ஈடியில ஒண்ணு போனா மொத்தமும் அணையும். அந்தப் பட்டையை மட்டும் மாத்திக்கலாம், புது டிவி விலையில சின்னப் பங்குதான் ஆகும். புதுசு வாங்கினதும் பின்விளக்கை நூறுலருந்து அறுபதுக்குக் குறைச்சு வெச்சுடுங்க, அதுக்கும் ஆயுசு கூடும், கண்ணுக்கும் இதம். ஐப்பசியில இடி இடிக்கும்போது பிளக்கை மட்டுமில்ல, கேபிள் வயரையும் பிடுங்கிப் போடுங்க. எங்க கரிசக்காட்டு வெட்டவெளியில இடிக்கு ஒளிய மரம்கூடக் கிடையாது.